ஆமைத் தளபதி ஓடக் கற்றுக்கொண்ட சீசன்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் நான் பிரேசர் டவுனில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருந்தேன். எழுத்தாளர் எழுதிக் கொடுக்கும் கதையை, கம்ப்யூட்டர்காரர்கள் தொடுவதற்கு முன்னால், காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு வரைந்து கொடுக்கிற வேலை. யார் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் என் பென்சிலில்தான் முடிவாகும். வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்போது அப்படித்தான் சொன்னார்கள்.

முதலாளி அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்தவர். தாலி கட்டும் நேரத்தில் நாலு பக்கமும் ரோஜா இதழ் பறக்கவிட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு தாமரைப் பூவுக்குள் வைத்துச் சுற்றவிட்டதில் அவருக்கு கிராஃபிக்ஸ் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, கார் ஷெட்டில் கம்ப்யூட்டர்களை அடுக்கினார். அந்தக் காலத்து பெங்களூரில் கண்ணாடிக் கதவு இருந்தால் கம்பெனி என்று அர்த்தம். கன்னடக்காரர்தான், ஆனால் தமிழர்கள் நிறைந்த கண்டோன்மென்டில் வளர்ந்ததால் எங்களோடு தமிழில் பேசுவார். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போவார். சேனல்காரர்கள் வந்தால் இங்கிலீஷுக்குள் நுழைந்துவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் நிற்பார்.

நாங்கள் செய்த தொடர், ஏரிக்கு அடியில் ஒரு பெரிய காற்றுக் குமிழுக்குள் இருக்கும் ராஜ்ஜியத்தைப் பற்றியது. கதாநாயகி கதவுக் காவல்காரரின் மகள். சின்ன வயதில் ஏரி பொங்கிய நாளில் அவளுடைய அண்ணன் ஊர்க் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு மூழ்கிப்போனான். அதிலிருந்து தண்ணீர் என்றாலே அவளுக்கு நடுக்கம். எதிரிப் படையின் தளபதி ஒரு கிழ ஆமை. முதல் சீசனின் கடைசிக் காட்சியில் அவளுக்கு ஓர் உண்மை தெரியவரும்: அந்தக் காலத்தில் அவள் அப்பாவுக்கு மேலே, ஊர்க் கதவுக்குப் பொறுப்பாக இருந்தது இதே ஆமைதான், அண்ணன் வெளியே இருக்கும்போதே கதவை மூடியதும் அவர்தான்.

இதையெல்லாம் எழுதியவர் நாற்பது தாண்டிய ஒரு மனிதர். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து, பையன்களோடு போட்டதைவிடப் பிரின்சிபாலோடு அதிகம் சண்டை போட்டு வெளியே வந்தவர். நான் அவரை சார் என்பேன். அவர் ஆபீஸில் எல்லோரையும் 'மா', 'பா' என்பார், முதலாளியையும் சேர்த்து.

முதல் சீசனை சேனலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறெதுவும் போட முடியாத நேரத்தில் போட்டார்கள். யாரும் பார்க்காததால் யாரும் திருத்தவில்லை. ஆமைத் தளபதி ஒரு மண்டபத்தைக் கடக்கிறார் என்றால் முழு மண்டபத்தையும் கடந்தார். அந்தப் பெண் பயப்பட்டால் பயந்து முடிக்கும்வரை விட்டோம். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா, சர்ச்சுக்குப் புடவை கட்டிக் கிளம்பி, பையும் கையுமாக டிவி முன் நின்றபடியே முழுசாகப் பார்ப்பாள். அம்மா முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவள். எதையும் உட்கார்ந்து பார்த்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு கணக்கு அவளுக்கு.

பிள்ளைகளுக்குத் தொடர் பிடித்துப்போனது. அதோடு எங்கள் நல்ல காலம் முடிந்தது. சேனல் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டது.

இரண்டாம் சீசனுக்காக மும்பையிலிருந்து ஒரு மேடம் வந்தார். சேனலில் குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பொறுப்பு. அதற்கு முன் பிஸ்கட் விற்கும் கம்பெனியில் இருந்தாராம். என்னைவிட இரண்டொரு வயதுதான் பெரியவராக இருப்பார். மரியாதையாகப் பேசுவார், எல்லோருக்கும் கை கொடுப்பார். சாருடைய கதைத் திட்டத்தைப் படித்துவிட்டே வந்திருந்தார். சீசன் முழுக்க அந்தப் பெண் ஆமையை வெறுக்கிறாள், வேவு பார்க்கிறாள், கொல்லப் போகிறாள், போன இடத்தில் சந்தேகம் வருகிறது. அவ்வளவுதான் கதை. மேடம் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இவ அவரை எப்ப மன்னிக்கிறா?"

"கடைசி எபிசோடுல. அதுலயும் மன்னிக்கிறாளான்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார் சார்.

"தெரியாதா?"

"எழுதிப் பார்த்தாத்தானே தெரியும்."

முதலாளி அவசரமாகச் சிரித்தார். "ஜோக் அடிக்கிறார் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "மூணாவது எபிசோடுல மன்னிச்சா நல்லா இருக்கும். தீபாவளிக்குப் பொம்மை வருது. வில்லன் பொம்மையை அம்மாக்கள் வாங்கித் தர மாட்டாங்க. அவர் நல்லவராயிட்டா வாங்குவாங்க."

"அவ அண்ணன் செத்துப்போயிருக்கான் மேடம்" என்றேன் நான்.

"தெரியும். ரொம்ப அழகான விஷயம் அது. அதை ரெண்டாவது எபிசோடுல முடிச்சுக்கலாம்." பிறகு காகிதத்தைப் புரட்டினார். "அப்புறம் இந்த ஆமை. ரொம்ப ஸ்லோவா இருக்காரு."

"ஆமை மேடம்" என்றார் சார்.

"புரியுது. வேகமான ஆமையா இருக்கக் கூடாதா?"

"பண்ணிடலாம் மேடம்" என்றார் முதலாளி. அந்த வார்த்தையை அவர் சொல்லாத மீட்டிங்கை நான் பார்த்ததில்லை. நிலாவுக்குப் படி கட்ட முடியுமா என்று கேட்டிருந்தால், கைப்பிடி எந்தக் கலரில் வேண்டும் என்று கேட்டிருப்பார்.

மத்தியானம், ஏற்கெனவே தயாராயிருந்த முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினோம். மேடம் பார்த்துக்கொண்டே கையிலிருந்த பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தார். முதலாளி அதைக் கவனித்துவிட்டார். மேடத்துக்கு எங்கெல்லாம் போரடிக்கிறதோ அங்கெல்லாம் பேனா சத்தம் போடுகிறது என்று முடிவுகட்டி, சத்தம் வந்த இடத்தையெல்லாம் குறித்து வைத்து, மறுநாளே எடிட்டரை உட்காரவைத்து வெட்டினார். அந்தப் பெண் ஜன்னல் வழியே அண்ணனின் பட்டத்தைப் பார்க்கும் இடம் போனது. அப்பாவும் மகளும் பேசாமல் சாப்பிடும் இடம் போனது. அடுத்த மாதம் மேடம் வந்தபோது எல்லோரும் சேர்ந்து பிரியாணி சாப்பிடப் போனோம். சாப்பிட்டு முடிக்கும்வரை இடது கையில் பேனா டக் டக்கென்றது. வெறும் பழக்கம்! நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ரைத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது எபிசோடில் அவள் ஆமையை மன்னித்தாள். சார் அதை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். நான் ஒரே கட்டத்தில் வரைந்தேன். அவளும் ஆமையும் கைகோத்துச் சிரித்தார்கள். அடுத்த வாரமே ஆமையின் ஓட்டுக்கு அடியில் சக்கரம் முளைத்தது, சுழன்று சுழன்று பறந்தார். நல்லவராகிவிட்டதால் ஏப்பம் விடும் பழக்கமும் வந்தது. குழந்தைகள் சிரிப்பார்களாம். எதிரி தீர்ந்துபோனதால் வாரம் ஒரு புது எதிரி வேண்டியிருந்தது. நெருப்பு ராட்சசன், பனி ராட்சசன், அப்புறம் ஐடியா வற்றிப்போய் ஒரு குப்பை ராட்சசன்.

அம்மா வழக்கம்போல நின்றபடி பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவன்தானே இவ அண்ணனை வெளிய விட்டுக் கதவைச் சாத்தினான்?"

"ஆமாம்மா."

"மன்னிக்கணும்னு நானுந்தான் சண்டே கிளாஸ்ல பிள்ளைங்களுக்குச் சொல்றேன். மூணாவது வாரமே மன்னிக்கணும்னு எங்கடி இருக்கு?"

தீபாவளிக்குப் பொம்மை வருகிறது என்றேன். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பாதி சீசனில் மும்பையிலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. கதாநாயகியிடம் வளர்ச்சியே தெரியவில்லையாம். முதல் சீசனில் இருந்த மாதிரியே இருக்கிறாளாம், இந்த சீசனில் அவள் வளர்ந்தே ஆக வேண்டுமாம். மேடம் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முதலாளிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நேராக, கம்ப்யூட்டரில் உருவங்களை மாடல் செய்கிற பையன்களிடம் போய், "அவளைக் கொஞ்சம் உயரமாக்குங்கப்பா" என்றார்.

உயரமாக்கினார்கள். காலையும் கழுத்தையும் இழுத்து ஒரு தலை உயரம் கூட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த ராஜ்ஜியத்தின் வாசல்கள் எல்லாம் பழைய உயரத்துக்குக் கட்டியவை என்று. அவள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலை உத்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. எல்லாக் கதவையும் உயர்த்த நேரமில்லை. அவளை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசவைத்தோம். சீசன் முழுக்க ஊரார் எல்லோரும் வீட்டுக்குள்ளும் கதாநாயகி தெருவிலுமாக வாழ்ந்தார்கள். போதாததற்குச் செலவை மிச்சம் பிடிக்க முதல் சீசன் காட்சிகளை நடுநடுவே ஒட்டினார்கள். கிணற்றடியில் நெட்டையாக இருப்பாள், தோட்டத்துக்குப் போனால் குட்டையாகிவிடுவாள்.

அந்த வருஷம் என் வேலையை மதிப்பிட முதலாளி என்னையும் கூப்பிட்டார். "நீ நல்லாத்தான் வரையறே. ஆனா ஸ்லோ. எல்லாத்தையும் இழுத்து இழுத்து வரையறே. உன்கிட்ட வளர்ச்சி எங்கம்மா?"

"எனக்கும் ஒரு தலை உயரம் கூட்டச் சொல்லுங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்னை சீனியர் ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்ட் ஆக்கினார். ஜூனியர் என்று யாரும் இல்லை.

பிறகு மழை வந்தது. ரோட்டுச் சாக்கடை பொங்கிக் கார் ஷெட்டுக்குள் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் முங்கிப்போயின. குப்பை ராட்சசனோடு பெரிய யுத்தம் நடக்கும் எபிசோடு அதில் போயே போய்விட்டது. ஏரிக்கு அடியில் ராஜ்ஜியம் நடத்திய நாங்கள் முழங்கால் தண்ணீருக்குத் தோற்றோம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு சேனலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். மேடத்தைக் கேட்கலாம் என்றால் அவருக்குக் கல்யாணம். லீவு போட்டுவிட்டு எங்கோ தீவுக்குப் போயிருந்தார்.

முதலாளி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். "கையில என்ன மிச்சம் இருக்கு?"

ஒரு குகை இருந்தது. அந்தப் பெண்ணும் ஆமையும் இருந்தார்கள். ஆமையின் சக்கரம் தண்ணீரில் போய்விட்டது, கால் மட்டும் இருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் இருந்தது.

"சாக்கு" என்றார் முதலாளி. கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தம். "அதை வெச்சு ஏதாவது பண்ணுங்க."

சாரும் நானும் பக்கத்துத் தெரு பேக்கரியில் போய் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் எழுதாமல் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "குகைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, சரி. ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். என்னம்மா பேசுவாங்க?"

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இல்ல சார். அவ மன்னிக்கவே இல்ல. பொம்மைக்காகச் சிரிச்சா."

சார் என்னைப் பார்த்தார். பன்னைத் தட்டில் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதிய தாளை அப்படியே என் பக்கம் தள்ளுவார், அந்த மேஜையிலேயே நான் வரைந்தேன். இரண்டு நாள் எங்களுக்கு அதுதான் ஆபீஸ். அந்த சீசன் முழுவதிலும் நான் சந்தோஷமாக வேலை செய்தது அப்போது மட்டும்தான்.

எபிசோடில் ஒன்றும் நடக்காது. குகையின் வாசல் அடைத்துக்கொள்கிறது. இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெகு நேரம் கழித்து அவள் கேட்கிறாள்: "அன்னிக்கு அவன் கதவைத் தட்டினானா?"

ஆமை எழுந்து, முதல் சீசனில் நடந்த அதே பழைய நடையில், குகையின் மறு மூலைக்குப் போய்ச் சொட்டும் தண்ணீரைக் கையில் பிடித்து அவளுக்காக எடுத்து வருகிறார். வந்து சேரும்போது கை காலியாகியிருக்கிறது. காலிக் கையை அவள் முன் நீட்டிக்கொண்டு நிற்கிறார். "தட்டினான்" என்கிறார்.

அந்த நடையை நான் எங்கேயும் வெட்டாமல் வரைந்திருந்தேன். முதலாளி பின்னால் நின்று பார்த்தார். "என்னம்மா இது? நடக்கிறான், நடக்கிறான், நடந்துட்டே இருக்கான்."

"நேரத்தை நிரப்பணுமே சார். வேற காட்சி இல்லையே."

யோசித்தார். "ஹௌது, சரிதான். அப்ப இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்."

அந்தத் தொடருக்கு முதலாளி செய்த ஒரே உருப்படியான திருத்தம் அது. நிஜமாகவே இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பையோடு நின்றாள். அந்தப் பெண் அண்ணனைப் பற்றிக் கேட்டதும் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஆமை நடந்து முடிக்கும்வரை நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அம்மா, "தட்டலைன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"யாரும்மா?"

"ஆமைதான். யாருக்குத் தெரியப்போவுது? ஆனா சொல்லல பாரு." அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சர்ச்சில் பாட்டு முடிந்திருக்கும் என்று புலம்பிக்கொண்டே ஓடினாள்.

மேடம் தீவிலிருந்து திரும்பி வந்து எபிசோடைப் பார்த்தார். அடுத்த விமானத்தில் பெங்களூர். கையில் மருதாணி இன்னும் போகவில்லை. "சீசன் பாதியில ஷோவை நகரவிடாம நிறுத்தி வெச்சிருக்கீங்க. யார் அனுமதி கொடுத்தது?"

முதலாளி சாரைக் காட்டினார். யோசிக்கக்கூட இல்லை, விரல் தானாகப் போனது.

"நானும்தான் மேடம்" என்றேன். "அந்த நடை நான் வரைஞ்சது. அவ மன்னிக்கலைன்னு சொன்னதும் நான்தான்."

"நீ சும்னே இரு" என்று கன்னடம் கலந்து வாயை மூடச் சொன்னார் முதலாளி. "நீ வரையறவ. நீ என்ன பண்ணுவே?"

பழியில்கூட எனக்குப் பங்கு கொடுக்கவில்லை. சார் அந்த வாரக் கடைசியில் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். போகும்போது முதலாளியின் தோளைத் தட்டி, "நல்லா பார்த்துக்கப்பா" என்றார். எதை என்று சொல்லவில்லை. மீதி சீசனுக்கு மும்பையிலிருந்து கதை வந்தது. சக்கரம் திரும்ப வந்தது. ஏப்பமும் வந்தது.

அடுத்த வருஷம் வெளிநாட்டில் ஏதோ ஒரு விழாவில் குழந்தைகள் படங்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். சேனல் பல எபிசோடுகளை அனுப்பியிருந்தது. பரிசு குகைக்குக் கிடைத்தது. 'அபூர்வமான பொறுமை' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்களாம். முதலாளி கோட்டு தைத்துக்கொண்டு போய் மேடை ஏறினார். கூடவே மேடம். திரும்பி வந்ததும் ஒரு பேப்பரில் முதலாளியின் பேட்டி வந்தது. வேகம் என்பது ஓடுவதில் இல்லையாம். நிதானம்தான் அவருடைய பாணியாம், கல்யாண வீடியோ காலத்திலிருந்தே அப்படித்தானாம். மேடம் ஊர் ஊராகப் போய், தொடர்களில் மௌனத்தின் முக்கியத்துவம் பற்றி வகுப்பு எடுத்தார். பேனாவோடுதான் எடுத்திருப்பார்.

அந்த மௌனம் எங்கள் ஆபீஸுக்கும் உத்தரவாக வந்து சேர்ந்தது. மூன்றாம் சீசனில் எபிசோடுக்கு ஒரு குகை கட்டாயம். குகைக்குள் ஒரு நடை கட்டாயம். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஆமை தண்ணீர் எடுத்து வர வேண்டும், கை காலியாக இருக்க வேண்டும், கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் வாரம் "நம்பினான்". அடுத்த வாரம் "பசித்தது". அதற்கடுத்த வாரம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, "செவ்வாய்க்கிழமை". ஊரிலிருக்கும் பிள்ளைகள் எல்லாம் காலிக் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பொம்மைக் கம்பெனி குகையும் விற்றது. பொத்தானை அமுக்கினால் சொட்டும். அம்மா பார்ப்பதை விட்டுவிட்டாள். சர்ச்சுக்கு நேரத்தோடு போக ஆரம்பித்தாள்.

அந்த சீசன் முழுக்கக் குகை வரைந்துவிட்டு நான் வேலையை விட்டேன். ஹெப்பகோடி பக்கம் ஒரு கம்பெனியில், தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சிப் படம் செய்யும் வேலை கிடைத்தது. முதல் படம் தீயணைப்பான் பயன்படுத்துவது எப்படி என்று. ஒரு தொழிலாளி தீயைப் பார்க்கிறார், அணைக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் போங்க மேடம். அவன் பயப்படட்டும். பயந்து, அப்புறம் யோசிச்சு, அப்புறம் தீயணைப்பானோட பின்னைப் பிடுங்கட்டும். அப்பத்தான் பார்க்கிறவனுக்கு மனசுல நிக்கும்" என்றார். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தீயணைப்பானில் கிடைத்த மரியாதை எனக்கு ராஜ்ஜியத்தில் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரேசர் டவுனில் சாரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் எழுதுகிறாராம். இறந்தகாலம் வரை வந்திருக்கிறாராம், பதிப்பாளர் அவசரப்படுத்துகிறாராம். டீ சொல்லிவிட்டு, மூன்றாம் சீசனை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"கடைசில அந்தப் பொண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

"குதிரை கொடுத்தாங்க சார்."

"ஏரிக்கு அடியிலயா?"

"ஆமா சார். வெள்ளைக் குதிரை. அடுத்த சீசன்ல பேசுமாம்."

சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போட்டுக்கொண்டு, "என்ன பேசுமாம்?" என்று கேட்டார். அது இன்னும் முடிவாகவில்லை என்றேன்.